வலது கையும் பனை ஊசிகளும்

"9-2-1943, செவ்வாய். கை வீக்கம். இடது கையால் எழுதுகிறேன். துறையில் கப்பல் இல்லை."

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அடுத்த பதிவு சித்திரையில்தான் வருகிறது. பள்ளிப் படிப்பை முடித்த வருடத்திலிருந்து குறிப்பு எழுதாமல் நான் படுத்ததில்லை. ஆகவே, இடையில் வெறுமையாகக் கிடக்கும் பக்கங்களில் என்ன நடந்தது என்பதை, நினைவு கலங்குவதற்கு முன், உடன் இருந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்து இங்கே எழுதிவைக்கிறேன். "ஆம்பிளை கையில கம்பளி நூலா?" என்று சிரித்தவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. எங்கள் துறையில் ஆழம் போதாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில் போய் ஏறவேண்டும். ஆடுகிற தோணியில் முழங்கால்மேல் பலகையை வைத்துக்கொண்டு, பொதிகளை எண்ணி எண்ணி எழுதுவது என் வேலை. எழுத ஒரு கை. தோணிக் கயிற்றைப் பிடிக்க ஒரு கை. இரண்டில் ஒன்று போனாலும் ஆபீசுக்கு நான் வேண்டாதவன்.

தை மாதக் கடைசியில், சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் பஞ்சுப் பொதியைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டை தெறித்து, என் வலது உள்ளங்கையைக் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். காயம் மேலே மூடிக்கொண்டது. உள்ளே மூடவில்லை.

"இதென்ன கையா, பணியாரமா?" என்றாள் என் மனைவி செல்லக்கனி, அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். "மஞ்சளை வச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளு படம் காட்டப் போறிய? நாளைக்கு ஆசுபத்திரிக்கு வாரியளா, இல்ல ஆளவிட்டுத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

மறுநாள் மிஷன் மருத்துவமனையின் வெளிநோயாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் முதலில் என் கையைப் பார்க்கவில்லை. அக்குளில் விரலை வைத்து அழுத்தினார். நான் கத்திவிட்டேன்.

"நெறி கட்டியிருக்கு," என்றார்.

பிறகு என் முழங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. காயத்தில் புகுந்த விஷம், ரத்தத்தில் கலப்பதற்கு முன் நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்கள் வழியே ஏறுமாம். அந்த வழி வீங்கிச் சிவப்பதுதான் அந்தக் கோடு. அக்குளில் கட்டும் நெறி என்பது அதைத் தடுக்க உடம்பு போட்டிருக்கும் காவல். இவ்வளவையும் அவர் ஓர் ஊதாப் பென்சிலை நாவில் நனைத்தபடியே சொன்னார். கோடு முடிந்த இடத்தில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, என் தோலில் குறுக்காக ஒரு கீற்று இழுத்தார்.

"செவப்பு இதத் தாண்டினா எந்த நேரமானாலும் என்னை எழுப்பணும்," என்று செல்லக்கனியிடம் சொன்னார்.

அடுத்தது சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்ற சோதனை. சர்க்கரை உள்ளவனின் கையில் சீழ் வைத்தால் அது அடங்காது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் நீரில் சில சொட்டு விட்டு, சாராய விளக்கில் காட்டினார்கள். நிறம் மாறாவிட்டால் நல்லது. செங்கல் நிறமானால் கெடுதி. குழாயைப் பிடித்திருந்த நர்ஸ் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். செல்லக்கனி எழுந்து போய் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்து, தன் நீலச் சேலையின் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான்.

கையைக் கிழித்துச் சீழை வெளியேற்ற வேண்டும். உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். விரலோ கையோ போகவேண்டி வந்தால் அதற்கும் சம்மதம் வேண்டும் என்றார் டாக்டர். நான் பேசுமுன் செல்லக்கனி முந்திக்கொண்டாள். "எழுதுத கை, டாக்டரய்யா," என்றாள். குளோரோபாரம் நனைத்த துணி மூக்கின்மேல் வரும்வரை அந்த மூன்று சொற்கள்தான் என் காதில் இருந்தன.

விழித்தபோது கை இருந்தது. அசையாதபடி மரப் பத்தை வைத்துக் கட்டி, உள்ளங்கையில் சீழ் வடிய ஒரு துண்டு ரப்பர் குழாய் செருகியிருந்தார்கள். சல்பா மாத்திரையும், நாளுக்குப் பலமுறை உப்புப் போட்ட வெந்நீரில் கையை ஊறவைப்பதுமாக வைத்தியம் நடந்தது. உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மாத்திரைக்குத்தான் பஞ்சம், சண்டைக் காலமல்லவா.

இரவுகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குண்டுவீச்சுக்குப் பயந்த இருட்டடிப்புக்காக ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஊதாக் கீற்றைப் பார்க்க வெளிச்சம் இருக்காது. செல்லக்கனி தன் புறங்கையால் என் கையைத் தொட்டுத் தொட்டு, சூடு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். "அதே எடந்தான்," என்பாள். சில தடவை ஒன்றும் சொல்லாமல் மறுபடி தொடுவாள். அந்த இடைவெளிதான் பொறுக்க முடியாதது.

மாசி பிறந்து சில நாளில் காய்ச்சல் இறங்கியது. சிவப்புக் கோடும் மங்கியது. பத்தையை அவிழ்த்துவிட்டு, "மடக்குங்க," என்றார் டாக்டர். நான் மடக்கினேன், அதாவது, மடக்கியதாக நினைத்தேன். விரல்கள் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றன.

உள்ளங்கைக்குள் விரல்களை இழுக்கும் நார்கள் உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. சீழ் வைத்த இடத்தில் நாரும் உறையும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது இறுகுமுன் அசைத்து அசைத்துப் பிரித்தால் விரல் பிழைக்கும். "பங்குனி முடியறதுக்குள்ள நீங்க பேனா பிடிக்கணும்," என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் பிடிக்கிறது கஷ்டம்." ஆபீசிலிருந்து வந்த சகஊழியரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: பங்குனிவரை என் இடத்தில் ஆள் போடமாட்டார்களாம்.

ஒரு துணிச்சுருளைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். நாலு தடவை பிசைவேன். வலி உச்சந்தலைக்கு ஏறும். யாரும் பார்க்காதபோது நிறுத்திவிடுவேன். இதை முதலில் கண்டுபிடித்தவர் நர்ஸ் எஸ்தர். நாசரேத் பக்கத்துக்காரர், நடுவயது, குரலில் எப்போதும் ஒரு அதட்டல். ஒருநாள் சாயங்காலம் துணிச்சுருளைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு எஃகு ஊசிகளையும் காக்கி நிறக் கம்பளி நூல் உருண்டை ஒன்றையும் என் மடியில் வைத்தார். பட்டாளத்துச் சிப்பாய்களுக்குக் கழுத்துத் துணி பின்னுவதற்காக ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்த நூல்.

"சிஸ்டர், இது பொம்பளைங்க வேலையில்லா?" என்றேன்.

"கை யாருதுன்னு கம்பளிக்குத் தெரியுமா?" என்றார். "துணியப் பிசைஞ்சா வலியத்தான் நெனைப்பிய. இதுல அடுத்த கண்ணிய நெனைக்கணும். பிடிங்க."

நூல் ஊசியில் ஏறி நிற்கும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர் வைத்திருந்தார். வலது ஊசியைக் கண்ணிக்குள் விடவேண்டும், நூலைச் சுற்றவேண்டும், அதை இழுத்து வெளியே எடுக்கவேண்டும், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து தள்ளிவிட வேண்டும். நான்கே அசைவு. "உள்ள போ, சுத்து, வெளிய வா, தள்ளு," என்று கட்டில் கம்பியில் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். என் விரல்கள் 'உள்ள போ' என்பதற்கே சம்மதிக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசியைச் செருகி, தோளை ஆட்டித்தான் முதல் கண்ணியை எடுத்தேன். மாசி வெயிலில் உள்ளங்கை வேர்த்தது, ஊசி வழுக்கியது, கம்பளிப் பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, தும்மலில் நாலு கண்ணி கழன்றது.

பக்கத்துக் கட்டிலில் திரேஸ்புரத்துச் சூசை இருந்தார். சங்கு குளிப்பவர். தோணியில் பாய்மரம் சரிந்து கால் ஒடிந்து, காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். அவருக்கு நான் ஒரு வேடிக்கை.

"என்ன கிளார்க்கு அண்ணாச்சி, வலை முடையுதியளா? இந்தக் கண்ணுல சாளை மீன்கூட நிக்காதே!"

"ஓய், ஒம்ம காலுதான் ஒடிஞ்சிருக்கு, வாய் ஒடியல," என்றார் எஸ்தர். "சும்மா கெடயும்."

ஆனால் சூசை சும்மா கிடக்கவில்லை. எஸ்தர் இல்லாத ஒரு மத்தியானம் என் பின்னலில் ஒரு கண்ணி நழுவி, ஏணியில் இறங்குவதுபோல் வரிவரியாகக் கீழே ஓடியது. நான் அதைப் பிடிக்கத் தெரியாமல் பதறினேன். "இங்கன தாங்க, வலை கிழிஞ்சா தைக்க எனக்கா தெரியாது?" என்று வாங்கி, ஓடிய இடம் முழுவதும் வலைக்காரர்கள் போடும் முடிச்சைக் கண்ணிக்குக் கண்ணி போட்டுக் கொடுத்தார். கல்போல் உறுதியாக இருந்தது. எங்கள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

எஸ்தர் வந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "எந்தப் படுபாவி இதுல முடிச்சுப் போட்டான்?"

"முடிச்சு இல்லாம வலை ஏது தாயி?" என்றார் சூசை.

"இதுல முடிச்சே கெடயாதுவே! ஒரு கண்ணி அடுத்த கண்ணியப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். அம்புட்டுத்தான்."

"முடிச்சில்லாத வலைய நம்பி எவன் கடலுக்குப் போவான்?" என்று சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார உழைப்பை எஸ்தர் கத்திரியால் வெட்டி, மிச்சத்தை ஒரே இழுப்பில் உருவினார். பின்னலில் முதன்முதலாக நான் அறிந்த நட்டம் அதுதான்: ஏறுவதற்கு எத்தனை நாள் ஆனாலும், இறங்குவதற்கு ஒரு மூச்சு போதும்.

மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை விரல்கள் கொஞ்சம் பேச்சுக் கேட்டன. வரிக்கு மேல் வரி சேர்ந்து, நீர் வற்றிய கரை மணலில் விழுந்திருக்கும் அலைவரிபோல் துணி இறங்கியது. ஒருநாள் காலை, நூலைச் சுற்றும்போது என் நடுவிரல் தானாக வளைந்து ஊசியைத் தொட்டது. நான் மடக்கவில்லை, அது மடங்கியது. அந்த மகிழ்ச்சியை என்ன சொல்லி விளக்குவது என்று தெரியவில்லை. வாழ்நாளில் நிறையப் புத்தகம் படித்திருக்கிறேன். ஒரு விரல் வளைவதைப் பார்த்து அழுதவனைப் பற்றி எதிலும் படித்ததில்லை. சூசை மட்டும் பார்த்துவிட்டார். "எங்க, இன்னொருக்க மடக்குங்க அண்ணாச்சி," என்றார், கேலி இல்லாமல்.

அந்த வாரமே ஊசிகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவை சில ஜோடிகள்தான். பெண்கள் வார்டில் கேட்டார்கள். எஃகு ஊசி கடையில் கிடைக்காத காலம். செல்லக்கனி இந்தச் சேதியைத் தன் தம்பி தங்கராஜுக்குச் சொல்லியனுப்பினாள்.

தங்கராஜ் உடன்குடிப் பக்கத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்பவன். சர்க்கரைக்குத் தட்டுப்பாடு என்பதால், என் வார்டுச் செலவில் ஒரு பங்கை அவன் கருப்பட்டிச் சிப்பங்களாக ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இறக்கி ஈடுகட்டினான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து, புகை படிந்த முகத்தோடு என் கட்டிலருகே நின்றான். மடியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தான்.

இரண்டு ஊசிகள். முற்றிய பனையின் வைரத்தில் சீவி, கண்ணாடிச் சில்லால் இழைத்து, விளக்கெண்ணெய் ஊட்டியவை. கறுப்பில் வெளிர்மஞ்சள் கோடுகள் ஓடி, பாம்புக்குட்டிகள்போல் பளபளத்தன.

"பனையில செய்ய முடியாதது என்ன இருக்கு அத்தான்?" என்றான். "வீட்டுக்கு உத்தரம் செய்யுதோம், பெட்டி முடையுதோம், பதநீ குடிக்கோம். ரெண்டு குச்சிக்கு வெள்ளக்காரன் இரும்பா வேணும்?"

எஸ்தர் அவற்றை வாங்கி விளக்கில் காட்டிப் பார்த்தார். அவரும் பனங்காட்டு ஊரில் பிறந்தவர்தான். "வேலை நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா பனை பனைதான். சிலாம்பு கெளம்பும். தெனம் தடவிப் பாத்துட்டு எடுங்க." மரச் சிராயை எங்கள் பக்கத்தில் சிலாம்பு என்போம். பனஞ்சிலாம்பு ஏறினால் எளிதில் வெளியே வராது. உள்ளேயே ஒடிந்து சீழ் வைக்கும். பனையோடு பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் அன்று எங்களில் ஒருவருக்கும் அதைக் கையில் எடுக்கத் தயக்கம் வரவில்லை. பனைதானே என்ற உரிமை.

நான் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். பனை ஊசி வேர்வையில் வழுக்கவில்லை, கைக்குள் நின்றது. எஃகில் ஒரு வரி போட்ட நேரத்தில் இதில் மூன்று வரி போட்டேன். சூசையின் மகளுக்கு ஒரு குல்லாய் போட்டுத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். பத்திரிகை படிப்பதை விட்டேன். செல்லக்கனி கொண்டுவரும் சோறு ஆறிப்போகும். "இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரின்னு என்ன இது, சாராயக் கடையா?" என்று அவள் தட்டை நகர்த்துவாள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்பது டாக்டர் வகுத்த அளவு. நான் விளக்கணைக்கும்வரை பின்னினேன். உள்ளங்கைக் காயம் நடுவில் இன்னும் சற்றுத் திறந்துதான் இருந்தது. ஊசியின் மொட்டை முனை அங்கேதான் அழுந்தும்.

மாசிக் கடைசியில், ஒரு விடியற்காலை, மோதிர விரலின் அடியில் விண்விண் என்று தெறித்தது. அதிகம் பின்னியதால் வந்த வலி என்று நினைத்து மறைத்தேன். மத்தியானம் கட்டு மாற்ற வந்த எஸ்தர் என் சட்டைக்கையை மேலே தள்ளினார். மணிக்கட்டையும் முழங்கையையும் தாண்டி மறுபடியும் சிவப்புக் கோடு.

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "டாக்டரக் கூட்டிட்டு வாரேன்," என்று வேகமாகப் போனார்.

டாக்டர் மறுபடியும் ஊதாப் பென்சிலை நனைத்தார். இம்முறை கீற்று முழங்கைக்கு மேலே விழுந்தது. விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாரின் உறைக்குள்ளேயே சீழ் போயிருந்தால் மோதிர விரலை எடுக்கவேண்டி வரும்; அதற்கும் மேலே போயிருந்தால் விரலோடு நிற்காது என்றார். மாத்திரை முதல்தடவைபோல் வேலைசெய்யுமா என்று கேட்டேன். "பாப்போம்," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுபடி குளோரோபாரம். மறுபடி விழித்தபோது முதலில் எண்ணிப் பார்க்க முயன்றேன். கட்டின் தடிமனில் ஒன்றும் தெரியவில்லை. செல்லக்கனி என் காதருகே குனிந்து, "அஞ்சும் இருக்கு," என்றாள். "ஆனா ரெண்டு நாளு பாத்துட்டுத்தான் சொல்லுவாவளாம்."

உள்ளங்கையின் ஆழத்திலிருந்து, சீழோடு, ஓர் அரிசி நீளத்தில் கறுத்த மெல்லிய துண்டு ஒன்று வந்ததாக டாக்டர் பிறகு சொன்னார். பஞ்சில் துடைத்து, மற்ற அழுக்குக் கட்டுகளோடு போட்டுவிட்டார். அந்நேரம் விரலைக் காப்பதுதான் அவர் வேலை, துண்டை ஆராய்வதல்ல.

இதைச் செல்லக்கனி தன் தம்பியிடம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். தங்கராஜ் எழுந்து போனான். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது முழங்கைவரை சாம்பல். பின்கட்டில் பழைய கட்டுகளைக் கொளுத்தும் குழியில் இறங்கித் தேடியிருக்கிறான்.

"எல்லாம் எரிஞ்சு போச்சு, அத்தான்," என்றான். "பாத்திருந்தா சொல்லிருவேன். சிலாம்ப எனக்குத் தெரியாதா?" என் தலையணைக்கடியில் இருந்த ஊசிகளை எடுத்து, இரண்டையும் சேர்த்து முழங்காலில் வைத்து ஒடித்தான். வைரம் பாய்ந்த மரம். ஒரே அடியில் ஒடியவில்லை. மூன்றாவது அடியில் ஒடிந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்த இரண்டு நாளும், பிறகு அதோடு சேர்ந்த இன்னும் சில நாளும், ஊதாக் கீற்றுக்குக் கீழேதான் நாங்கள் எல்லாரும் குடியிருந்தோம். சிவப்பு ஒருமுறை கீற்றைத் தொட்டது. டாக்டரை எழுப்பினார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், எழுந்து போகவில்லை. எஸ்தர் வெந்நீரை மாற்றிக்கொண்டே இருந்தார். மறுநாள் மத்தியானம் அக்குளில் நெறி சற்று இளகியது. சாயங்காலம் கோடு கீற்றைவிட்டு இறங்கியிருந்தது. செல்லக்கனி தன் கையை என் கைமேல் வைத்து எடுத்தாள், மறுபடி வைத்தாள். "எறங்கிருக்கு," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தலையை அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள். சில நாட்களாக அவள் தலை வாரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பங்குனியில் பாதி போய்விட்டது. விரல்கள் மறுபடி விறைத்திருந்தன. கையை அசைக்காவிட்டால் அவை இப்படியே நின்றுவிடும்; அசைத்தால் மறுபடி சீழ் வைக்குமோ என்ற பயம். காயம் முழுவதும் மூடும்வரை டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மூடிய அன்று எஸ்தர் எஃகு ஊசிகளோடு வந்தார். பெண்கள் வார்டில் வாங்கியவை.

"வேண்டாம் சிஸ்டர்," என்றாள் செல்லக்கனி. "அந்தச் சனியனக் காட்டாதிய."

"பேனா வேணுமா வேண்டாமா?"

செல்லக்கனி ஊசிகளை எஸ்தரிடமிருந்து தானே வாங்கி, அவற்றின் நீளம் முழுவதும், முனையிலிருந்து முனைவரை, தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். எஃகில் சிலாம்பு ஏது? ஆனாலும் இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் என்னிடம் தந்தாள். அதன்பின் அரைமணி என்றால் அரைமணிதான். வரியின் நடுவில் இருந்தாலும் பிடுங்கிவிடுவாள்.

பங்குனிக் கடைசியில் டாக்டர் தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதைப் பிடித்துக்கொண்டன. மோதிர விரல் நுனி மடங்கவில்லை, இன்றும் மடங்கவில்லை. அது தனியே நீட்டிக்கொண்டு நிற்க, நான் என் பெயரை எழுதினேன். எழுத்து என்னுடையதுதான். சித்திரையில் ஆபீசுக்குப் போனேன். தோணிக் கயிற்றை இடது கையால் பிடித்துக்கொள்கிறேன்.

இன்றும் பின்னுகிறேன். சூசையின் மகளுக்குக் குல்லாய் முடிந்துவிட்டது. இந்தக் கடற்கரை வெக்கையில் அதை எந்த நாளில் போடுவாள் என்று அவள் தகப்பனார் என்னைத் தெருவில் கண்டால் கேட்கிறார். வாடைக் காற்று வீசும் நாட்களில் உள்ளங்கைத் தழும்பு இழுக்கும். பின்னினால் இளகும். புதிதாகக் கற்க வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விரல் பழகும்முன் ஆசை பழகிவிடும், அந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

தங்கராஜ் வைகாசியிலும் ஆனியிலும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கருப்பட்டி மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். ஆவணியில் செல்லக்கனி ஆளனுப்பி வரவழைத்தாள். வந்தவன் உட்காராமல், என் வலது கையைப் பிடித்து விரித்து, தழும்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"உள்ள இன்னும் ஏதும் இருக்கா, அத்தான்?"

"ஒண்ணும் இல்ல மாப்ள."

"அன்னைக்கு வந்தது என் சிலாம்புதானா?"

இதை நான் டாக்டரிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன். செத்துக் கறுத்த நாரும் அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். முதல் அறுவையில் எட்டாமல் தங்கிய சீழே மறுபடி கிளம்பியிருக்கலாம் என்றார். சிராயாகவும் இருக்கலாம் என்றார். ஊசி குத்தியதா என்று என் கையைக் கேட்டும் பயனில்லை. அந்த உள்ளங்கையில் அப்போது பாதி உணர்ச்சிதான் இருந்தது.

"தெரியல மாப்ள," என்றேன்.

அடுப்படியிலிருந்து செல்லக்கனி வந்தாள். "இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒங்க வாயிலேருந்து முத்தா உதுந்திரும்?"

"தெரியாததத் தெரியலன்னுதான சொல்ல முடியும்?"

"நீ சும்மா இரு அக்கா," என்றான் தங்கராஜ் தன் அக்காவிடம். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மோதிர விரலில் வந்து நின்றான். அது மடங்காது என்று தெரிந்ததும் அதை அப்படியே விட்டான். "அத்தான் தெரியலன்னு சொன்னா தெரியலதான். பொய் சொல்லியிருந்தா நான் எந்நேரமும் யோசிச்சுக்கிட்டே இருந்திருப்பேன். பழியில பாதிய நான் வச்சுக்கிடுதேன்." பிறகுதான் உட்கார்ந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான்.

இங்கே எழுதிய மற்றவற்றை எல்லாம் செல்லக்கனி, எஸ்தர், சூசை ஆகியோரிடம் ஒத்துப் பார்த்துவிட்டேன். மாசிக் கடைசியில் என் உள்ளங்கையிலிருந்து எடுக்கப்பட்ட கறுத்த துண்டு பனஞ்சிராயா, செத்த நாரா என்பது மட்டும் உறுதிப்படவில்லை.